பழைய ஏட்டைக் கிழிக்காதவர்கள்

2025-ஆம் வருஷம் தீபாவளிக்கு முன்னால் என் வீட்டில் வெள்ளையடித்தார்கள். வெள்ளையடிக்கிற நாளில் எழுத்தாளன் வீட்டில் என்ன நடக்கும் என்பது வாசகர்களுக்குத் தெரியாததல்ல. அலமாரியில் இருக்கிற புத்தகங்கள் கூடத்துக்கு வரும். கூடத்தில் உட்கார்ந்திருந்தவன் திண்ணைக்குப் போவான். தேடும்போதெல்லாம் கிடைக்காத சாமான்கள் தேடாதபோது கிடைக்கும். அப்படிக் கிடைத்ததுதான் அந்த ஸி.டி. அதன் மேல் என் கையெழுத்தில் 'அம்மா, 1999' என்று எழுதியிருந்தது.

அதன் கதை இதுதான். கல்லூரிப் படிப்பை நடுவில் விட்டுவிட்டு ஊரில் சுற்றிக் கொண்டிருந்த காலத்தில், எங்கள் ஊரில் புதிதாக முளைத்த கம்ப்யூட்டர் நிலையம் ஒன்றில் மூன்று மாதம் படித்தேன். அங்கே எச்.டி.எம்.எல். என்று ஒன்று சொல்லிக் கொடுத்தார்கள். இணையத்தில் பக்கம் எழுதுகிற முறை அது. கற்ற வித்தையைக் காட்ட வேண்டாமா? அம்மா தன் சிறு வயதுக் கதைகளைச் சொல்லச் சொல்ல, நான் அவற்றைத் தட்டெழுதி ஒரு பக்கமாக்கினேன். தாமிரபரணிக் கரை, அவளுடைய பாட்டி வீடு, வெள்ளம் வந்த வருஷம் எல்லாம் அதில் இருந்தன. பக்கத்தின் தலையில் 'வருக, வருக' என்று எழுத்துக்கள் வலமிருந்து இடமாக ஓடும். காலடியில் அன்றைய தேதி தானாக விழும். அப்போது அது பெரிய ஜாலம். சில நண்பர்கள் பார்த்துப் பாராட்டினார்கள். அம்மா பார்க்கவில்லை. "நான் சொன்னதுதானே, எனக்கெதுக்கு?" என்று சொல்லிவிட்டாள். இப்போது அம்மா இல்லை. அந்தக் கதைகளுக்கு வேறு பிரதியும் இல்லை.

தீபாவளிக்குப் பெங்களூரிலிருந்து என் அக்காள் மகன் வந்திருந்தான். கம்ப்யூட்டர் உத்தியோகம். அவனுடைய மெல்லிய கம்ப்யூட்டரில் ஸி.டி.யைச் செருகுவதற்கு வாயே இல்லை. அடுத்த தெருப் புகைப்படக் கடைக்குப் போய் அதிலிருந்ததை எடுத்து வந்து திறந்தான். சற்று நேரத்தில் சிரிக்க ஆரம்பித்தான்.

"மாமா, இது எந்த வருஷம்?"

"ஏன்டா?"

"உங்க பக்கத்திலே கி.பி. 19125-ன்னு போட்டிருக்கே!"

எட்டிப் பார்த்தேன். பக்கம் திறந்திருந்தது. தலையில் எழுத்துக்கள் கால் நூற்றாண்டுக்கு முன் ஓடியது போலவே ஓடிக் கொண்டிருந்தன. காலடியில் தேதி விழுந்திருந்தது, வருஷம் மட்டும் பதினேழாயிரம் தள்ளி. நடுவில் அம்மாவின் கதை இருக்க வேண்டிய இடத்தில், ரோமன் எழுத்துக்களும், தலையில் புள்ளி வைத்த எழுத்துக்களும், கேள்விக் குறிகளுமாக எறும்புப் புற்றைக் கலைத்துவிட்டாற் போல் ஏதோ கிடந்தது.

"வீடு நிற்கிறது, குடியிருந்தவர்களைக் காணோம்" என்றேன்.

"வீடு நிக்கறதே பெரிசு மாமா. அதே காலத்திலே செய்த எத்தனையோ இன்னிக்குத் திறக்காது. வலைப் பக்கம் மட்டும் திறக்கும். அதுதான் சட்டம்" என்றான் அவன் அலட்சியமாக.

சட்டம் என்றால் அதைச் செய்தவர்கள் இருக்க வேண்டும்; மீற நினைத்தவர்களும் இருந்திருக்க வேண்டும். கதை எழுதுகிறவனுக்கு அதைக் கேட்டுத் தெரிந்து கொள்ளாமல் தூக்கம் வராது. தெரிந்து கொண்டதை இங்கே சொல்கிறேன்.

* * *

ஸ்விட்சர்லாந்தில் ஜெனிவா நகருக்குப் பக்கத்தில் ஸெர்ன் என்ற அணு ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது. 1989-ல் அங்கே வேலை பார்த்த டிம் பெர்னர்ஸ்-லீ என்ற ஆங்கிலேயர், கூடத்தில் குவிந்து கிடக்கும் தகவல்களை ஒன்றோடொன்று கோத்து வைக்க ஒரு யோசனை எழுதிக் கொடுத்தார். 1990 முடிவதற்குள் அதைச் செய்தும் காட்டினார். வையம் முழுவதும் பரந்திருக்கும் வலையின் முதல் இழை அதுதான்.

பக்கங்களை எழுத அவர் வகுத்த முறைதான் எச்.டி.எம்.எல். அச்சுக்கூடம் பார்த்தவர்களுக்கு அதை விளக்க ஒரு நிமிஷம் போதும். கையெழுத்துப் பிரதியை அச்சுக்குக் கொடுக்கும்போது, 'இது தலைப்பு', 'இங்கே புதுப் பத்தி', 'இதைத் தடித்த எழுத்தில் போடவும்' என்று ஓரத்தில் சிவப்பு மையால் குறித்து அனுப்புகிறோம் அல்லவா? அச்சுக் கோப்பவர் குறியை வாசகருக்குக் காட்டுவதில்லை. குறி சொன்னபடி செய்கிறார். எச்.டி.எம்.எல்.லும் அதுவே. குறிகளை கோண அடைப்புக்குள் எழுதுகிறோம். பிரௌசர் என்ற யந்திரம் அச்சுக் கோப்பவருடைய இடத்தில் இருந்து அவற்றை நிறைவேற்றுகிறது. 1991-ல் இருந்த குறிகள் மொத்தம் 18 தான்.

அந்த அச்சுக் கோப்பவருக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு நற்குணம் உண்டு. தெரியாத குறி வந்தால் சண்டைக்கு வரமாட்டார். அதை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் எழுத்தைக் காட்டிவிடுவார். பத்தியைத் திறந்தவன் மூட மறந்துவிட்டானா? போகட்டும், அடுத்த பத்தி வந்ததும் தாமே மூடிக் கொள்வார். இந்தத் தாட்சண்யத்தினால்தான் பள்ளிக்கூடத்துப் பையன்களும், கோயில் விழாக் குழுக்களும், என் போன்ற அரைகுறைகளும் பக்கம் எழுத முடிந்தது. 1993 ஏப்ரல் 30-ந் தேதி ஸெர்ன் இந்த வித்தையைக் காசு கேட்காமல் உலகத்துக்கே கொடுத்துவிட்டது. அதே வருஷம் அமெரிக்காவில் இல்லினாய் சர்வகலாசாலையிலிருந்து மொஸைக் என்ற பிரௌசர் வந்தது. பக்கத்துக்குள் படம் போடுகிற குறியை அதன் ஆசிரியர்களில் ஒருவரான மார்க் ஆண்டிரீஸன் முன்மொழிந்தார். வேறு விதமாகச் செய்யலாமே என்று பெரியவர்கள் பேசிக் கொண்டிருக்கும்போதே அவர் செய்து வெளியிட்டுவிட்டார். வலையில் எதுவும் அப்படித்தான் வந்திருக்கிறது. முதலில் ஒருவர் செய்துவிடுவார். சாஸ்திரம் பின்னால் வரும்.

* * *

குறிகள் பக்கத்தை நிறுத்தி வைக்கும். ஆனால் நடமாட வைக்காது. ஒரு விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்கிறீர்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். பெயர் எழுத மறந்துவிட்டீர்கள். இதைக் கண்டுபிடிக்க விண்ணப்பம் எங்கோ இருக்கும் சர்வர் வரைக்கும் போய், 'பெயர் இல்லை' என்ற செய்தியோடு திரும்பி வரவேண்டும். தாலுகா கச்சேரிக்கு மனுக் கொண்டு போய், தேதி போடவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு இந்த அலைச்சல் புரியும். படிக்கிறவரின் மேஜை மேலேயே, அவருடைய யந்திரத்துக்குள்ளேயே இந்தச் சில்லறை வேலைகளை முடித்துவிட்டால் என்ன?

நெட்ஸ்கேப் கம்பெனி அப்படி நினைத்தது. 1995 மே மாதத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் அதற்காக ஒரு பாஷையை உண்டாக்கினார். முதல் வடிவத்தைச் செய்ய அவர் எடுத்துக் கொண்டது பத்து நாள். நமக்கெல்லாம் ஒரு சிறுகதைக்கே பத்து நாள் போதுவதில்லை! மோக்கா என்று பேர் வைத்தார்கள், பிறகு லைவ்ஸ்கிரிப்ட் என்றார்கள், அந்த டிசம்பரில் ஜாவாஸ்கிரிப்ட் என்று விளம்பரப்படுத்தினார்கள். அப்போது பிரசித்தமாயிருந்த ஜாவா என்ற வேறொரு பாஷையின் புகழில் பங்கு பெறச் சூட்டிய பெயர் அது. ஜாவாவைப் போல் இருக்க வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு.

அவசரத்தில் ஜாவாவிடமிருந்து பார்த்து எழுதியவற்றில் தேதி சொல்லும் பகுதியும் ஒன்று. அதனிடம் வருஷத்தைக் கேட்டால் 1900-ஐக் கழித்துவிட்டு மீதியைச் சொல்லும். 1999-ல் கேட்டால் 99 என்று சொல்லும். என் போன்ற கெட்டிக்காரர்கள் அதற்கு முன்னால் '19' என்று எழுதி ஒட்டி வைத்தோம். 2000 பிறந்தது. 99-க்கு அப்புறம் 100 தானே? உலகம் முழுவதும் பல பக்கங்களில் அன்று 19100-ஆம் வருஷம் பிறந்தது. 2025-ல் 19125. ஆகக் குற்றம் பாதி அந்தப் பாஷையுடையது, பாதி என்னுடையது.

"சரி, பாஷையின் பங்கையாவது திருத்தக் கூடாதா?" என்று மருமகனைக் கேட்டேன்.

"திருத்தினால், பழைய கணக்கை நம்பி ஒழுங்காக எழுதினவங்க பக்கம் கெட்டுப் போகும் மாமா. அதனாலே பழையதைத் தொடலை. முழு வருஷம் சொல்லுகிற புது வார்த்தை ஒண்ணைப் பக்கத்திலே சேர்த்தாங்க. பழையது பழையபடியே இருக்கு."

இந்தப் பதில்தான் சரித்திரத்தின் சாவி என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

* * *

அதற்கப்புறம் நடந்தது போட்டி. மைக்ரோஸாஃப்ட் கம்பெனி தன் பிரௌசரோடு களத்தில் இறங்கி, 1996-ல் அதே பாஷையை ஜேஸ்கிரிப்ட் என்று வேறு பெயரில் கொண்டு வந்தது. நெட்ஸ்கேப் எழுத்தைக் கண்சிமிட்ட வைத்தால், மைக்ரோஸாஃப்ட் எழுத்தை ஓட வைத்தது. என் 'வருக, வருக' அந்த வம்சம். ஒன்றில் நன்றாகத் தெரியும் பக்கம் மற்றொன்றில் கோணலாகத் தெரியும். பொது இலக்கணம் வகுக்க 1994-லேயே பெர்னர்ஸ்-லீ ஒரு சங்கம் ஆரம்பித்திருந்தார். டபிள்யூ-த்ரீ-ஸி என்று அதற்குப் பெயர். ஜாவாஸ்கிரிப்டுக்கு எக்மா என்ற ஐரோப்பிய ஸ்தாபனம் 1997-ல் இலக்கணம் வெளியிட்டது. எச்.டி.எம்.எல்.லின் நாலாம் பதிப்பு 1997-லும், அதன் திருத்தம் 1999 டிசம்பரிலும் வந்தன.

அத்தோடு சங்கம் அந்த ஏட்டை மூடி வைத்துவிட்டது. இனி எச்.டி.எம்.எல். வளர வேண்டாம், அதனிடத்தில் சுத்தமான புதிய இலக்கணம் ஒன்று வரட்டும் என்று தீர்மானித்தது. 2000 ஜனவரியில் வந்த எக்ஸ்.எச்.டி.எம்.எல். அதன் முதல் படி. திறந்த குறியை மூடியே ஆக வேண்டும். தவறு இருந்தால் பிரௌசர் தாட்சண்யம் காட்டக் கூடாது. பக்கத்தைக் காட்டாமல், தவறு இன்ன வரியில் இருக்கிறது என்று மட்டும் சொல்லி நின்றுவிட வேண்டும்.

இப்படி நினைத்தவர்களைக் கொடியவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. ஆளுக்கொரு விதமாகப் பிழை செய்தால், பிரௌசர்களும் ஆளுக்கொரு விதமாக ஊகித்துக் கொள்கின்றன. குழப்பம் அங்கேதான் பிறக்கிறது. சுத்தமாக எழுதப்பட்டதை எந்த யந்திரமும் எளிதில் படிக்கும். சின்ன யந்திரமும் படிக்கும். பிழையைப் பொறுத்துக் கொண்டே போனால் யார்தான் திருந்துவார்கள்? நம் தமிழ்ப் பண்டிதர்கள் சந்திப் பிழைக்கு முகம் சுளிப்பது போலத்தான் இதுவும். அந்தச் சுளிப்பில் பாஷையின் மேல் உள்ள அன்பும் கலந்திருக்கிறது.

ஆனால் நடைமுறை வேறாயிருந்தது. பெரும்பாலோர் கையில் இருந்த மைக்ரோஸாஃப்ட் பிரௌசர் அந்தக் கண்டிப்பான வடிவத்தை ஏற்றுக் கொள்ளவேயில்லை. ஆகையால் எழுதினவர்கள் புதிய இலக்கணப்படி எழுதிவிட்டு, 'இது பழைய எச்.டி.எம்.எல். தான்' என்று பொய்ச் சீட்டு ஒட்டி அனுப்பினார்கள். இதற்குள் சங்கம் இரண்டாம் படிக்குப் போய்விட்டது. 2002-ல் வெளியிட்ட எக்ஸ்.எச்.டி.எம்.எல். இரண்டின் நகலில், பழையதோடு ஒத்துப் போக வேண்டிய கட்டாயம் இல்லை என்று சொல்லிவிட்டது. தலைப்புக்குப் புதுக் குறி, விண்ணப்பத்துக்குப் புது முறை. பழைய பக்கங்களை யாரும் கொளுத்தப் போவதில்லை. ஆனால் அவை எழுதப்பட்ட பாஷை அன்றோடு நின்றுவிடும். வளராத பாஷைக்கு எத்தனை நாள் காவல் இருக்கும் என்பது நமக்குத் தெரியாதா?

* * *

2004 ஜூன் 1, 2 தேதிகளில் கலிபோர்னியாவில் ஸான் ஹோஸே நகரத்தில் சங்கத்தின் கூட்டம் ஒன்று நடந்தது. வலைப் பக்கங்கள் படிக்கிற ஏடாக மட்டும் இருந்த காலம் போய், வேலை செய்கிற கருவியாக மாறிக் கொண்டிருந்த சமயம் அது. அதற்கு முந்திய ஏப்ரலில்தான் கூகிளின் தபால் சேவை வந்திருந்தது. பக்கம் நின்ற இடத்திலேயே நிற்க, கடிதங்கள் மட்டும் வந்து வந்து விழும். பக்கத்தைப் புதுப்பிக்காமல் சர்வரோடு பேசுகிற உபாயத்தை மைக்ரோஸாஃப்ட் 1999-லேயே தன் தபால் வேலைக்காகச் செய்து வைத்திருந்தது. அதை எடுத்துக் கொண்டு, வெறும் எச்.டி.எம்.எல்.லையும் பத்து நாள் பாஷையையும் வைத்தே இவ்வளவு செய்ய முடிந்தது என்றால், அந்தப் பழைய பாஷையையே வளர்த்தால் என்ன?

மோஸில்லா, ஆபெரா என்ற இரண்டு பிரௌசர்க்காரர்கள் சேர்ந்து கூட்டத்தில் இதைத்தான் கேட்டார்கள். முக்கியமாக இரண்டு கொள்கைகள் வைத்தார்கள். புதியது எதுவானாலும் பழைய பக்கங்களோடு ஒத்துப் போக வேண்டும். எழுதினவன் செய்த பிழைக்காகப் படிக்கிறவனைத் தண்டிக்கக் கூடாது. இரண்டாவது கொள்கையைப் படித்தபோது எனக்கு நெகிழ்ச்சியாயிருந்தது. எத்தனையோ அச்சுப் பிழைகளோடு வெளிவந்த என் கதைகளை வாசகர்கள் பொறுத்துப் படித்ததனால்தானே நான் இன்று எழுத்தாளன்?

கருத்துக் கேட்டார்கள். ஆதரவு 8, எதிர்ப்பு 14. தீர்மானம் தோற்றது.

தோற்றவர்கள் வீட்டுக்குப் போய்ப் படுத்துக் கொள்ளவில்லை. இரண்டே நாள் கழித்து, ஜூன் 4-ந் தேதி, வாட்விக் என்ற தனிக் குழுவை அறிவித்தார்கள். ஆப்பிள் கம்பெனிக்காரர்களும் சேர்ந்தார்கள். ஏட்டை எழுதும் பொறுப்பு இயன் ஹிக்ஸன் என்பவரிடம் வந்தது. அப்போது ஆபெராவிலும் பிறகு கூகிளிலும் வேலை பார்த்தவர் அவர். அவரும் கூட்டாளிகளும் செய்த காரியத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று. பிழையில்லாத பக்கத்தை எப்படிப் படிப்பது என்று மட்டும் எழுதி நிறுத்தவில்லை. பிழையுள்ள பக்கத்தை எப்படிப் படிப்பது என்பதையும் படிப்படியாக எழுதி வைத்தார்கள். மூடாத பத்தி, மாறி மூடிய குறி, தெரியாத சொல் என்று எது வந்தாலும், பிரௌசர்கள் எல்லாம் ஒரே மாதிரி எடுத்துக் கொள்ளும்படி விதி செய்தார்கள். பண்டிதர்கள் கண்ட குழப்பத்துக்கு இவர்கள் கண்ட மருந்து இது: பிழை இருக்கட்டும், பிழையைப் பற்றிய அபிப்பிராய பேதம் ஒழியட்டும்!

ஓடும் எழுத்துக்கும் இந்த ஏட்டில் இடம் கொடுத்திருக்கிறார்கள். 'இனி யாரும் இதை உபயோகிக்கலாகாது' என்று முதலில் கண்டிப்பு. அடுத்தாற்போல், உபயோகித்திருந்தால் அது எப்படி ஓட வேண்டும் என்ற விவரம். கண்சிமிட்டும் எழுத்துக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. 2013-ல் ஃபயர்ஃபாக்ஸும் அதைக் கைவிட்டுவிட்டது. எல்லாவற்றையும் காப்பாற்றினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். எழுத்துச் சிமிட்டாவிட்டாலும் படிக்க முடிகிறது, அவ்வளவுதான்.

2006 அக்டோபரில், உலகம் முழுவதையும் ஒரே மூச்சில் புதிய இலக்கணத்துக்கு மாற்றிவிடலாம் என்று நினைத்தது பலிக்கவில்லை என்பதைப் பெர்னர்ஸ்-லீயே எழுதி ஒப்புக் கொண்டார். தான் பெற்ற பிள்ளையை வளர்க்கும் முறையில் தான் தவறிவிட்டதாகத் தகப்பனே ஊரறியச் சொல்வது லேசான காரியமல்ல. 2007-ல் சங்கமும் இந்த வேலையில் சேர்ந்து கொண்டது. 2009-ல் எக்ஸ்.எச்.டி.எம்.எல். இரண்டுக்கு இனி ஆயுள் நீட்டிப்பதில்லை என்று அறிவித்தது. 2014 அக்டோபர் 28-ந் தேதி எச்.டி.எம்.எல். ஐந்தாம் பதிப்பு முறைப்படி வெளியாயிற்று. வாட்விக் குழுவோ 2011-லேயே பதிப்பு எண் வேண்டாம் என்று எடுத்துவிட்டது. ஏடு என்றும் திருத்தப்பட்டுக் கொண்டே இருக்கும், அதற்கு 'உயிருள்ள இலக்கணம்' என்று பெயர். 2019 மே மாதம் இரு தரப்பும் உடன்படிக்கை செய்து கொண்டு, அந்த ஒரே ஏட்டையே பொதுவாக வைத்துக் கொண்டார்கள்.

* * *

ஜாவாஸ்கிரிப்டிலும் இதே நாடகம் நடந்தது. நாலாம் பதிப்பு என்ற பெயரில் பாஷையைப் பெரிதாக மாற்றியமைக்கப் பல வருஷம் பாடுபட்டார்கள். 2008-ல் அந்த முயற்சியைக் கைவிட்டார்கள். 2009-ல் அடக்கமான ஐந்தாம் பதிப்பு வந்தது. 2015-ல் பெரிய பதிப்பு வந்தபோதும், இருந்ததைப் பிடுங்காமல் பக்கத்தில் புதியதைச் சேர்த்தார்கள்.

நடுவில் பிரௌசர்கள் ஒன்றோடொன்று ஒத்துப் போகாத காலத்தில், எழுதுகிறவர்களுக்குக் கைகொடுத்தவை துணை நூல்கள். 2006-ல் ஜான் ரெஸிக் வெளியிட்ட ஜேகுவெரி அவற்றில் பேர் பெற்றது. எந்தப் பிரௌசரானாலும் ஒரே விதமாக எழுதலாம் என்பது அதன் உபகாரம். பிறகு அந்த வசதிகளில் பல பிரௌசருக்குள்ளேயே வந்துவிட்டன. குறிகளும் வளர்ந்தன. ஒரு காலத்தில் தேதி கேட்கும் கட்டத்துக்குப் பக்கத்தில் நாள்காட்டி விரிய வேண்டுமானால் பக்கம் பக்கமாக ஜாவாஸ்கிரிப்ட் எழுத வேண்டும். இன்று 'இது தேதி' என்று குறியில் ஒரு சொல் எழுதினால் பிரௌசரே நாள்காட்டியை விரிக்கிறது. 'இது கட்டாயம்' என்று ஒரு சொல் எழுதினால், பெயர் எழுதாத விண்ணப்பத்தை அனுப்ப மறுக்கிறது.

பழைய துணை நூல் ஒன்றைப் பற்றி 2018-ல் ஒரு ரகளை நடந்தது. வரிசைக்குள் வரிசையாக அடுக்கிய விவரங்களைப் பிரித்து ஒரே வரிசையாகப் பரப்புகிற வசதிக்கு 'ஃபிளாட்டன்' என்று பெயரிட்டு ஜாவாஸ்கிரிப்டில் சேர்க்க நினைத்தார்கள். மூடூல்ஸ் என்ற அந்தப் பழைய நூல் அதே பெயரை வேறு விதமாக முன்பே உபயோகித்திருந்தது. சோதனையாகச் சேர்த்துப் பார்த்ததும் பழைய பக்கம் ஒன்று கெட்டது. அந்த நூலைப் புதிதாக எடுப்பவர்கள் அனேகமாக இல்லை. செத்த நூலுக்காக நல்ல பெயரை விட்டுக் கொடுப்பதா என்று சண்டை. கடைசியில் விட்டுக் கொடுத்தார்கள். 'ஃபிளாட்' என்று பெயரைக் குறுக்கி 2019-ஆம் வருஷப் பதிப்பில் சேர்த்தார்கள். என்றோ யாரோ எழுதிவிட்டுப் போன பக்கங்களுக்காக உலகத்தின் பாஷை ஒன்று தன் வார்த்தையை மாற்றிக் கொண்டது.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. அழகான ஆட்டங்களும் சித்திரங்களும் ஃபிளாஷ் என்ற முறையில் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டன. அது ஒரு கம்பெனியின் சொத்து. 2020 டிசம்பர் 31-ந் தேதியோடு அதற்கு ஆதரவு நின்றது. மறு மாதம் முதல் பிரௌசரில் அவை திறப்பதில்லை. தனி ஏற்பாடு செய்து காப்பாற்றியவை போக மற்றவை மௌனமாகிவிட்டன.

* * *

இனி, என் வீட்டுக்கு வருகிறேன். குடியிருந்தவர்கள் எங்கே?

பக்கத்தின் குறிகளைக் காக்க ஸான் ஹோஸேயில் எட்டுப் பேராவது கை தூக்கினார்கள். 1999-ல் நம் எழுத்துக்களின் நிலைமை வேறு. ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஓர் எழுத்துரு, ஒவ்வொன்றிலும் 'அ' ஒவ்வோர் எண்ணில். எல்லோருக்கும் பொதுவான யூனிகோடில் 1991 முதலே தமிழுக்கு இடம் இருந்தது; ஆனால் நம் மேஜை மேல் இருந்த யந்திரங்களில் அது வந்து சேரவில்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் டாம், டாப் என்று இரண்டு முறைகள் வகுத்தார்கள். டிஸ்கி என்ற முறையும் வழக்கில் இருந்தது. தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010-ல். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தார், தாங்கள் தட்டெழுதிச் சேர்த்த பழைய நூல்களைப் பிற்பாடு யூனிகோடுக்கு மாற்ற வேண்டியிருந்தது. நானோ எதையும் விசாரிக்காமல், அன்றைக்குக் கையில் கிடைத்த எழுத்துருவில் அம்மாவை எழுதி வைத்துவிட்டேன். அந்த எழுத்துரு இப்போது எங்கள் யந்திரங்கள் எதிலும் இல்லை.

மருமகன் அன்று ராத்திரி உட்கார்ந்தான். துணை நூல் எதுவும் இல்லாமல், வெறும் ஜாவாஸ்கிரிப்டில் ஒரே ஒரு பக்கம் எழுதினான். மேலே ஒரு பெட்டி, கீழே ஒரு பெட்டி, நடுவில் ஒரு பொத்தான். மேற்பெட்டியில் எறும்புப் புற்றைக் கொட்டிப் பொத்தானை அமுக்கினால் கீழே தமிழ் வர வேண்டும். எந்தக் கிறுக்கல் எந்த எழுத்து என்று அட்டவணை போட நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அம்மா வழக்கமாகக் கதை ஆரம்பிக்கும் விதம் எனக்குத் தெரியுமாதலால் அதை வைத்தே ஒவ்வோர் எழுத்தாகப் பிடித்தோம். அட்டவணை மட்டும் போதவில்லை. பழைய எழுத்துருவில் 'கொ' என்பது கண்ணுக்குத் தெரிகிற வரிசையில், கொம்பு முதலில், 'க' நடுவில், கால் கடைசியில் இருக்கும். யூனிகோடில் 'க' முதலில், கொம்பும் காலும் ஒன்றாகச் சேர்ந்து பின்னால். ஆகவே இடம் மாற்றுகிற விதியும் எழுதினான். எல்லாம் என் மேஜை மேலேயே நடந்தது. ஓர் எழுத்துக்கூட வீட்டை விட்டு வெளியே போகவில்லை.

"ஆபீசிலே இதுக்குப் பெரிய பெரிய சட்டகம் எல்லாம் இருக்கு மாமா. நாலைந்து வருஷத்துக்கு ஒண்ணு மாறும். இது மாறாது. நீங்க 2050-லே திறந்தாலும் திறக்கும்" என்றான்.

விடியப் போகிற நேரம் பொத்தானை அமுக்கினான். கீழ்ப்பெட்டியில் தமிழ் வந்தது. சில இடங்களில் 'ண'வும் 'ன'வும் மாறியிருந்தன. ஒரு வரி வரவேயில்லை. மற்றதெல்லாம் வந்துவிட்டது. வெள்ளம் வடிந்த மறுநாள் அவளுடைய பாட்டி, வீட்டுக்குள் புகுந்த வண்டலை வெளியே கொட்டாமல் கூடையில் அள்ளித் தோட்டத்துக் கத்தரிச் செடிகளுக்குப் போட்டாள் என்று அம்மா சொல்லியிருந்தாள். இதை நான் அடியோடு மறந்து போயிருந்தேன்.

அவன் வாய் விட்டுப் படித்தான். படித்துக் கொண்டே வந்தவன் நிறுத்தி, "ஆச்சி இப்படித்தான் பேசுவாளா மாமா?" என்று கேட்டான். ஆச்சி போனபோது அவனுக்கு இரண்டு வயது.

"இப்படியேதான்" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "பழைய பக்கத்திலே அந்த வருஷத்தையும் சரி பண்ணிடட்டுமா? ஒரு வார்த்தைதான். 19125 பார்க்க நல்லாயில்லே" என்றான்.

"வேண்டாம்டா. பழையதைத் தொடாதே. பக்கத்தில் புதிதாக ஒன்று வை" என்று சொன்னேன்.

அப்படியே செய்தான். இப்போது என் கம்ப்யூட்டரில் இரண்டு பக்கங்கள் இருக்கின்றன. ஒன்றில் அம்மா பேசுகிறாள். மற்றொன்றில் வருஷம் தப்பாக இருக்கிறது. 'வருக, வருக' என்று எழுத்துக்கள் ஓடிக் கொண்டிருக்கின்றன.